புதிதாக டைப் 1 வந்த வீட்டுக்கு இன்னொரு அம்மா போகும்போது

கேட்டிருப்பவர் கேரள-தமிழ்நாடு எல்லையில், பாலக்காடு மாவட்டக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து அம்மா. மகளுக்கு ஐந்து வருடமாக டைப் 1 சர்க்கரை நோய், அதாவது இன்சுலின் ஊசி இல்லாமல் முடியாத வகை. ஆஸ்பத்திரியில் டாக்டர், "புதுசா வர்ற பெற்றோர்கிட்ட நீங்க கொஞ்சம் பேசுங்களேன்" என்று சொல்லியிருக்கிறார். என்ன பேசுவது, எதுவரை போகலாம், வீட்டில் மிச்சமிருக்கும் இன்சுலினையும் சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப்பையும் கொடுக்கலாமா என்று மூன்று கேள்விகள். ஐந்து வருடம் ஒரு பிள்ளையைப் பார்த்துக்கொண்ட அனுபவம் இன்னொரு வீட்டில் எங்கே உதவும், எங்கே கெடுக்கும் என்பதுதான் மூன்றுக்கும் அடியில் இருப்பது. எல்லைக்கு இரண்டு பக்கத்துக் குடும்பங்களோடும் வேலை செய்யும் நீரிழிவுக் கல்வியாளர் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். நான் டாக்டர் அல்ல. அதனால் யாருக்கு எத்தனை யூனிட் இன்சுலின் என்ற பேச்சு இந்தப் பதிலில் இருக்காது.

உங்கள் பேச்சிலும் அது இருக்கக் கூடாது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒரே வயது, ஒரே எடை உள்ள இரண்டு பிள்ளைகளுக்கு இன்சுலின் தேவை வெகுவாக மாறும். நோய் வந்து எத்தனை மாதம் ஆகிறது, வயசுக்கு வரும் பருவமா, காய்ச்சல் இருக்கிறதா, எந்த வகை இன்சுலின் என்று எத்தனையோ காரணங்கள். "எங்க பொண்ணுக்கு மூணு இட்லிக்கு நாலு யூனிட் போடுவோம்" என்று நீங்கள் சும்மா பேச்சுவாக்கில் சொன்னாலும், இரண்டு நாளாகத் தூங்காத அந்த அம்மாவின் மனதில் அந்த நாலு மட்டும்தான் தங்கும். அதற்கு முன்னும் பின்னும் சொன்னதெல்லாம் போய்விடும். அவரே நேரடியாகக் கேட்டால், "அது பிள்ளைக்குப் பிள்ளை மாறும்ங்க, வாங்க, நர்ஸ்கிட்ட இப்பவே கேட்டுடலாம்" என்று கூடவே எழுந்து போங்கள். உட்கார்ந்த இடத்தில் பதில் சொல்லாதீர்கள். HbA1c அளவும் (கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) அப்படித்தான். உங்கள் மகளுடைய எண்ணைச் சொன்னால் அது அந்த வீட்டில் பரீட்சை மார்க்காக மாறிவிடும்.

அப்படியானால் சொல்வதற்கு என்ன மிச்சம் என்று தோன்றலாம். நிறைய இருக்கிறது. டாக்டர் 'என்ன செய்ய வேண்டும்' என்று சொல்லி அனுப்புகிறார். அதை ஒரு அடுப்படியில், ஒரு மாமியாருக்கு முன்னால், அழுகிற பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு எப்படிச் செய்வது என்பது உங்களுக்குத்தான் தெரியும். மாம்பழம் சாப்பிட்ட கையைத் துடைக்காமல் விரலில் குத்தினால் மீட்டர் 300 காட்டும். அந்த 300ஐ நம்பி யாராவது கூடுதலாக ஊசி போட்டால் பிள்ளை மயங்கிவிடும். கையை வெறும் தண்ணீரில் கழுவி, ஈரம் போகத் துடைத்து, மறுபடி பார்க்கச் சொல்ல நீங்கள் போதும். ஸ்ட்ரிப் டப்பாவை மூடாமல் வைத்தால் ஈரம் பட்டு அளவு தப்பும். மழைக்காலத்தில் இது அடிக்கடி நடக்கும். தொப்புளுக்குப் பக்கத்தில் வலிக்காத ஒரே இடத்தில் தினமும் போட்டால் அங்கே கொழுப்பு கட்டியாகத் திரண்டுவிடும். அந்த இடத்தில் இன்சுலின் சரியாக இறங்காது, ஒரு நாள் சர்க்கரை ஏறும், ஒரு நாள் விழும். வயிறு, தொடை, கை என்று இடம் மாற்றிப் போட ஒரு காலண்டரில் குறித்துக் காட்டலாம். ஆனால் அப்படி ஒரு கட்டி ஏற்கெனவே இருப்பது தெரிந்தால், "நாளையிலிருந்து வேற இடத்துல போடுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். கட்டியில் ஊறி வீணான அதே அளவு புது இடத்தில் முழுதாக வேலை செய்து சர்க்கரையைக் கீழே தள்ளிவிடும். இடம் மாற்றுவதற்கு முன் ஆஸ்பத்திரிக்கு ஒரு போன் போக வேண்டும்.

பிரிக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும், பிரித்ததை வெளியே வைத்துப் பெரும்பாலான வகைகளில் நான்கு வாரம் வரை பயன்படுத்தலாம், 30 டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்பதெல்லாம் காகிதத்தில் இருக்கும். மார்ச், ஏப்ரலில் பாலக்காட்டு வெயில் 40 டிகிரியைத் தொடுவது அந்தக் காகிதத்துக்குத் தெரியாது. ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் இரண்டு மண்பானை போதும். பெரிய பானைக்குள் சின்னப் பானை, நடுவில் மணல், மணலுக்குக் காலையும் மாலையும் தண்ணீர், மேலே ஈரத்துணி. குப்பியைத் தண்ணீர் புகாத சின்ன டப்பாவில் போட்டு உள்ளே வையுங்கள். நிழலும் காற்றும் உள்ள மூலையில் வைத்தால்தான் குளிரும், சமையலறை அலமாரிக்குள் அடைத்தால் பயனில்லை. மழைக்காலத்தில் காற்றில் ஈரம் இருப்பதால் பானை அவ்வளவாகக் குளிராது, ஆனால் அப்போது வெயிலும் இல்லை. ஃப்ரிட்ஜ் இருக்கும் வீட்டில் வேறு ஆபத்து: பத்திரமாக இருக்கட்டும் என்று பாட்டி எடுத்து ஃப்ரீஸரில் வைத்துவிடுவார். ஒருமுறை உறைந்த இன்சுலின் உருகி வந்தாலும் குப்பைக்குத்தான். தெளிவாக இருக்க வேண்டிய இன்சுலின் கலங்கியிருந்தாலும் அப்படியே.

சர்க்கரை தாழ்வதைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள், செய்து காட்டுகிறவர்கள் குறைவு. மீட்டரில் 70க்குக் கீழே வந்தால், அல்லது மீட்டர் கையில் இல்லாமல் நடுக்கமும் வியர்வையும் வந்தால், பெரிய பிள்ளைக்கு 15 கிராம் சர்க்கரை: மூன்று டீஸ்பூன், அரை டம்ளர் தண்ணீரில். சின்னப் பிள்ளைக்கு எடைக்கு ஏற்பக் குறைவு; கிலோவுக்குச் சுமார் 0.3 கிராம் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு, அதை அவர்களுடைய நர்ஸ் எழுதித் தரட்டும். 15 நிமிடம் கழித்து மறுபடி பார்ப்பது. சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். நினைவில்லாத பிள்ளையின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து, சர்க்கரையை ஏற்றும் குளுக்ககான் ஊசி ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்தால் கற்றுத் தந்தபடி போட்டு, 108க்குக் கூப்பிட வேண்டும். இதை அந்த வீட்டு டம்ளரிலும் ஸ்பூனிலுமே ஒருமுறை கலந்து காட்டுங்கள். பல வீடுகளில் டீஸ்பூன் என்று வைத்திருப்பது ஒரு அளவில் இருக்காது. அப்பா, தாத்தா, பக்கத்து வீட்டு சேச்சி என்று இன்னும் இரண்டு பேராவது கூட நின்று பார்க்க வேண்டும். அம்மா ஒருவருக்கே எல்லாம் தெரிந்த வீடுதான் எனக்கு அதிகம் பயம் தரும் வீடு.

வாந்தியைப் பற்றியும் இதே அழுத்தத்தோடு சொல்லுங்கள். பிள்ளை சாப்பிடவில்லை, அதனால் ஊசியும் வேண்டாம் என்று நிறுத்துவது இந்த நோயில் மிகச் சகஜமான, மிக ஆபத்தான தவறு. சாப்பிடாவிட்டாலும் உடம்புக்கு அடிப்படை இன்சுலின் வேண்டும். எவ்வளவு என்பதை டாக்டர் மாற்றிச் சொல்வார். வாந்தி, வயிற்று வலி, வேகமான ஆழ்ந்த மூச்சு, வாயில் பழ வாசம் என்று சேர்ந்து வந்தால் அது கீட்டோஅசிடோசிஸாக (இன்சுலின் போதாமல் ரத்தத்தில் அமிலம் சேரும் ஆபத்தான நிலை) இருக்கலாம். இரவானாலும் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எந்த ஆஸ்பத்திரி, அந்த நேரத்தில் எந்த வண்டி, வழியில் எவ்வளவு நேரம் என்பதை நல்ல நாளிலேயே ஒரு தாளில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டவைப்பது உங்கள் வேலை. வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கத்து வீடுகளுக்குச் சில நேரம் சித்தூர், பாலக்காட்டைவிடப் பொள்ளாச்சியோ கோயம்புத்தூரோ கைக்கெட்டும். மாநில எல்லையைப் பார்க்க வேண்டாம், தூரத்தைப் பாருங்கள்.

இனி, உங்களைப் போன்ற ஒருவரால்தான் முடியும் என்று நான் நினைக்கும் வேலை. இன்சுலின் தொடங்கிச் சில வாரங்களில் பல பிள்ளைகளுக்கு ஊசியின் தேவை திடீரென்று குறையும். கணையத்தில் மிச்சமிருக்கும் செல்கள் கொஞ்ச காலம் தேறி வேலை செய்வதுதான் காரணம். ஹனிமூன் கட்டம் என்பார்கள். சில மாதம் இருக்கும், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் நீளும், பிறகு கட்டாயம் முடியும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த குடும்பம் நாட்டு வைத்தியரிடம் போவதும் பெரும்பாலும் இதே மாதங்களில்தான். கஷாயம் குடிக்கத் தொடங்குகிறார்கள், சர்க்கரை குறைகிறது, வைத்தியருக்குப் பெயர் கிடைக்கிறது, ஊசி நிற்கிறது. ஊசி முழுதாக நின்றால் ஒன்றிரண்டு நாளில்கூடப் பிள்ளை உயிர் ஆபத்துக்குப் போகலாம். இதைத் தடுக்க வைத்தியரைத் திட்டிப் பயனில்லை. திட்டினால் அடுத்த முறை உங்களிடம் மறைத்துவிடுவார்கள். முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: "ரெண்டு மூணு மாசத்துல ஊசி குறையலாம். நோய் போயிடுச்சுன்னு தோணும், எங்களுக்கும் தோணுச்சு. அப்ப யார் என்ன சொன்னாலும் டாக்டரைக் கேக்காம நிறுத்திடாதீங்க." வரப்போவதை முன்பே சொன்னவர் என்பதால், அது வரும்போது உங்கள் பேச்சுக்கு எடை இருக்கும். இனிப்பு சாப்பிட்டதால் வந்ததல்ல, கர்ப்பத்தில் அம்மா சாப்பிட்டதாலும் வந்ததல்ல, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே இன்சுலின் சுரக்கும் செல்களை அழிப்பதால் வந்தது என்பதையும் மாமியார் காதில் விழும்படி ஒருமுறை சொல்லிவிடுங்கள். மருமகளின் பாதிச் சுமை அதில் இறங்கும்.

முதல் சந்திப்பை நோய் தெரிந்த அன்றே வைக்காதீர்கள். அன்று காதில் எதுவும் ஏறாது. பிள்ளை தேறி, வார்டிலிருந்து வீட்டுக்குப் போவதற்கு முந்தைய நாள் நல்ல நேரம். அரை மணி போதும். அவர்களுடைய போன் எண்ணை ஆஸ்பத்திரி உங்களுக்குத் தரக் கூடாது. உங்கள் எண்ணை அவர்களிடம் கொடுத்து, விருப்பமிருந்தால் கூப்பிடச் சொல்ல வேண்டும். முதலில் கேளுங்கள்: "நேத்து ராத்திரி தூங்குனீங்களா?" அதற்கு வரும் பதிலே மீதியை நடத்திக்கொள்ளும். அவர்களே தங்கள் எண்ணைத் தந்திருந்தால், பிள்ளை வீட்டுக்குப் போன மூன்றாம் நாள் உங்கள் போன் போகட்டும். வார்டில் நர்ஸ் போட்ட ஊசியை வீட்டில் தானே போட்டுப் பார்த்து, கை நடுங்கி, பிள்ளை கத்தி, அப்பா வெளியே போய்விட்ட நாள் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். "எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லாதீர்கள். சரியாகாது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருக்கிறார், நீங்கள் பொய் சொல்கிறீர்கள் என்று அவர்களுக்குத் தெரியும். உங்கள் மகளைக் கூட்டிப்போவது எந்தப் பேச்சையும்விட வேலை செய்யும். சைக்கிள் ஓட்டுகிற, வம்பு பேசுகிற ஒரு டைப் 1 பிள்ளையை அவர்கள் அதுவரை பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் ஒவ்வொரு முறையும் மகளைக் கேட்டுவிட்டுத்தான் கூட்டிப்போக வேண்டும். எட்டு வயதில் சந்தோஷமாக வந்தவள் பதின்மூன்றில் முகத்தைச் சுளித்தால், அதோடு விட்டுவிடுங்கள்.

மிச்ச இன்சுலின் பற்றிய கேள்விக்கு என் பதில்: நேரடியாகக் கொடுக்காதீர்கள். கஞ்சத்தனமாகத் தோன்றும். காரணத்தைக் கேளுங்கள். அரசு ஆஸ்பத்திரிகளில் பெரும்பாலும் கிடைப்பது 10 மில்லி குப்பி, ஒரு மில்லியில் 40 யூனிட். பேனாவில் போடும் 3 மில்லி கார்ட்ரிட்ஜில் ஒரு மில்லிக்கு 100 யூனிட். சிரிஞ்சும் இரண்டு வகை: சிவப்பு மூடி 40க்கு, ஆரஞ்சு மூடி 100க்கு. கார்ட்ரிட்ஜிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 என்று போட்ட கோடுவரை இழுத்தால் உள்ளே போவது 25 யூனிட். பிள்ளை தூக்கத்திலேயே மயங்கிவிடலாம். 40 யூனிட் குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 10 என்று போட்ட கோடுவரை இழுத்தால் போவது வெறும் 4 யூனிட். சர்க்கரை ஏன் இறங்கவில்லை என்று வாரக்கணக்கில் தெரியாது. எல்லைப் பகுதியில் இந்தக் குழப்பத்துக்கு வாய்ப்பு இன்னும் அதிகம். ஒரே வீட்டில் கேரளத் திட்டத்தில் வந்த பேனாவும் தமிழ்நாட்டு ஆஸ்பத்திரியில் வாங்கிய குப்பியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். நல்ல மனதோடு நீங்கள் கொடுக்கும் ஒரு கார்ட்ரிட்ஜ் அந்த வீட்டில் எந்த சிரிஞ்சைச் சந்திக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. வெயிலில் எத்தனை நாள் கிடந்தது என்று அவர்களுக்கும் தெரியாது. மிச்சமிருப்பதை ஆஸ்பத்திரி நர்ஸிடம் கொடுங்கள். வாங்கி யாருக்கு ஆகும் என்று பார்ப்பதும், வாங்க மறுப்பதும் அவர்கள் பொறுப்பு. காலாவதியாகாத, பிரிக்காத ஸ்ட்ரிப் பரவாயில்லை, ஆனால் அதே மாடல் மீட்டருக்கு மட்டும்தான் ஆகும். உங்களால் செய்ய முடிந்த நல்ல காரியம், அந்த வீட்டுக்குப் போனதும் சிரிஞ்சின் மூடி நிறத்தையும் குப்பியின் மேல் போட்டிருக்கும் 40, 100 எண்ணையும் சேர்த்து வைத்துப் பார்ப்பது. பொருந்தவில்லை என்றால் அடுத்த ஊசிக்கு முன்னால் ஆஸ்பத்திரிக்குப் போன். பயன்படுத்திய ஊசிகளைத் தடித்த பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு ஆஸ்பத்திரியில் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். கேரளத்தில் வீடு வீடாகக் குப்பை சேகரிக்கும் ஹரித கர்ம சேனைப் பெண்கள் எடுத்துப்போகும் பிளாஸ்டிக் மூட்டைக்குள் அது போகக் கூடாது, குத்தப்போவது அவர்கள் கை.

உதவித் திட்டங்களைப் பற்றிச் சுருக்கமாக. கேரளத்தில் சமூகப் பாதுகாப்பு மிஷன் நடத்தும் 'மிட்டாயி' திட்டம் டைப் 1 உள்ள பிள்ளைகளுக்கானது. தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளில் இன்சுலின் இலவசம். தகுதி விதிகள் மாறிக்கொண்டே இருக்கும், ஆகவே "கட்டாயம் கிடைக்கும்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். ரேஷன் கார்டு ஒரு மாநிலத்தில், ஆதார் முகவரி இன்னொரு மாநிலத்தில் என்று கிடக்கும் வீடுகள் இங்கே ஏராளம். விண்ணப்பத்துக்கு முன் தாள்களை ஒரே முகவரிக்குக் கொண்டுவர உதவுவதே பெரிய சேவை. மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் வாங்கலாமா என்று கேட்பார்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஹீமோஃபிலியா, தலசீமியா, சிக்கிள்செல் இருக்கின்றன, டைப் 1 இல்லை. இதைச் சொல்லிவிட்டால் வீண் அலைச்சல் மிச்சம். பணத்தை மட்டும் கையால் தொடாதீர்கள். பிள்ளையின் படத்தைப் போட்டு வசூல் செய்வது வேண்டவே வேண்டாம்.

பள்ளிக்கூடத்துக்கு ஒரு பக்கக் கடிதம் போதும், மலையாளத்திலும் தமிழிலும். சர்க்கரை தாழும் அறிகுறி, என்ன கொடுக்க வேண்டும், யாருக்குப் போன், சிறுநீர் கழிக்கவும் தண்ணீர் குடிக்கவும் எப்போது கேட்டாலும் அனுப்ப வேண்டும், மயக்கமாக இருக்கும் பிள்ளையைத் தனியாக ஓய்வறைக்கு அனுப்பக் கூடாது. இவ்வளவுதான். விளையாட்டு ஆசிரியருக்குத் தனியாக ஒரு பிரதி. பொதுத் தேர்வுக்கு சிபிஎஸ்இ 2017லேயே இந்தப் பிள்ளைகள் சர்க்கரை மாத்திரை, பழம், தின்பண்டம் கொண்டுவர அனுமதி கொடுத்தது. மாநிலப் பாடத்திட்டப் பள்ளியில் தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே எழுதிக் கேட்கட்டும்.

ரகசியம் காப்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பெண் பிள்ளை என்றால் கல்யாணப் பேச்சை நினைத்துப் பல வீடுகள் வெளியே சொல்வதில்லை. நீங்கள் யாருக்காகப் போகிறவர் என்று ஊருக்குத் தெரிந்துவிட்டால், நீங்கள் படியேறுவதே அறிவிப்பாகிவிடும். அந்த வீட்டாரை ஆஸ்பத்திரியிலேயே சந்தியுங்கள். முதல் நாளே எல்லையைச் சொல்லிவிடுங்கள்: "நீங்க சொல்றது என்னோட இருக்கும். ஆனா பிள்ளைக்கு உயிர் ஆபத்துன்னு பட்டா டாக்டர்கிட்ட சொல்லுவேன், அதுக்கு முன்னாடி உங்ககிட்ட சொல்லிடுவேன்." காசில்லாமல் ஊசியைக் குறைப்பது, எடை கூடும் என்று வயசுப் பெண் ஊசியை ஒளித்துத் தவிர்ப்பது போன்றவை டாக்டர் காதுக்கு வராமல் உங்களிடம்தான் வரும். திட்டாமல், கூடவே போய் டாக்டரிடம் அவர்கள் வாயாலேயே சொல்லவையுங்கள். சாகலாம் போலிருக்கிறது என்று ஒரு அம்மா சொன்னால் அது உங்கள் தோளுக்கு மீறியது. தனியாக விடாமல், அன்றே டாக்டருக்குச் சொல்லி, 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் உங்கள் முன்னாலேயே பேசவையுங்கள். வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தால் யூனிட் அளவு, மீட்டர் எண், மூலிகைச் செய்தி, பிள்ளைகளின் படம் நான்கும் கிடையாது என்று முதல் நாளே போட்டுவிடுங்கள். மலையாளம் பேச வரும், படிக்க வராது என்ற அம்மாக்கள் இந்தப் பக்கம் உண்டு, அதனால் எழுத்தைவிடக் குரல் பதிவு நல்லது.

இதனாலெல்லாம் பிள்ளைகளின் சர்க்கரை அளவு குறையுமா? ஆய்வுகளின் முடிவு கலவையாகத்தான் இருக்கிறது. பெற்றோரின் தனிமையும் பயமும் குறைவது அளவு குறைவதைவிடத் தெளிவாகத் தெரிகிறது. ஆகவே எண் குறையவில்லை என்று உங்கள் வேலையைத் தோல்வியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பயிற்சி மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கோழிக்கோட்டில் 1993ல் தொடங்கி, பிறகு மலப்புறம் வழியாகக் கேரளம் முழுக்கப் பரவிய பாலியேட்டிவ் (தீராத நோயாளிகளுக்கான ஆதரவுப் பராமரிப்பு) இயக்கம் சாதாரண ஊர்க்காரர்களைத் தன்னார்வலர்களாக்கியபோது, 16 மணி நேர வகுப்பும் மேற்பார்வையில் நான்கு களப்பயிற்சியும் என்று வைத்துக்கொண்டது. அது இந்த நோய்க்கானது அல்ல. ஆனால் எப்படிக் கேட்பது, எப்போது பேசாமல் இருப்பது என்பதை அங்கே கற்றுக்கொள்ளலாம். உங்கள் பஞ்சாயத்தின் பாலியேட்டிவ் நர்ஸிடம் விசாரியுங்கள். டைப் 1 பற்றிய பகுதிக்கு, உங்கள் ஆஸ்பத்திரி நர்ஸிடம் ஊசி, மீட்டர், சர்க்கரைத் தாழ்வு மூன்றையும் செய்து காட்டி, தவறு இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். ஐந்து வருடப் பழக்கத்தில் நமக்கே தெரியாமல் குறுக்குவழிகள் சேர்ந்திருக்கும்.

ஒரே நேரத்தில் மூன்று, நான்கு குடும்பத்துக்கு மேல் வேண்டாம். இரவு ஒன்பதுக்கு மேல் அவசரம் என்றால் 108க்கும் ஆஸ்பத்திரிக்கும் முதல் போன், உங்களுக்கு இரண்டாவது என்று சொல்லிவையுங்கள். உங்கள் மகளுக்கு உடம்பு சரியில்லாத வாரத்தில் அந்தக் குடும்பங்களை இன்னொருவர் பார்க்க வேண்டும். ஆகவே தொடங்கும்போதே இரண்டு பெற்றோராகத் தொடங்குங்கள். ஒரு குடும்பத்தோடு எத்தனை நாள் என்பதற்கு மாதக் கணக்கு சரிவராது. ஒரு காய்ச்சல், ஒரு பள்ளிக்கூடத் திறப்பு, ஓணமோ பொங்கலோ ஒரு பண்டிகைச் சாப்பாடு, இந்த மூன்றையும் உங்களைக் கூப்பிடாமலே சமாளித்துவிட்டு, முடிந்த பிறகு போன் செய்து சொன்னார்கள் என்றால், வாராவாரம் கூப்பிடுவதை அன்றோடு நிறுத்திவிட்டு அந்த இடத்தை அடுத்த குடும்பத்துக்குக் கொடுக்கலாம்.